எடுத்த இரும்பு திரும்பி வராது: கத்தி பற்றிய உங்கள் கேள்விகள்

போன மாதம் சாணைக்கல்லைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக் கேள்விகளில் ஒரே குறைதான்: தீட்டிய கூர் நிற்பதில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டினால் இரண்டு நாள் தக்காளியைச் சுலபமாக நறுக்குகிறது. ஒரு வாரத்தில் பழையபடி மழுங்கிவிடுகிறது. கத்தி மட்டமா, தீட்டியது மட்டமா? (வாசகி, தஞ்சாவூர்)

கத்தி நல்லதாகவே இருக்கலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பிசிறு, இன்னொன்று சூடு.

கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கும்போது, வாய் ஓரத்தில் காகிதத்தை விட மெல்லிய இரும்பு இழை ஒன்று மறுபக்கமாக மடிந்து நிற்கும். அதுதான் பிசிறு. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்லத் தடவினால் நகத்தில் சொரசொரவென்று தட்டும். சுழலும் சாணையில் இது பெரிதாகவே உருவாகிறது. முதல் இரண்டு நாள் தக்காளியை வெட்டுவது உண்மையில் அந்தப் பிசிறுதான். அது மடிந்தோ ஒடிந்தோ போனதும், அடியில் இருக்கும் மொட்டை வாய் தெரிந்துவிடுகிறது. அதனால் சாணைக்காரரிடமிருந்து கத்தி வந்ததும் வீட்டில் ஒரு மென்மையான கல்லில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுங்கள். அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி இழுத்துத் தடவுங்கள். பிசிறு போய்விடும். இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

சூடு இதைவிடப் பெரிய சேதம் செய்யும். கொல்லர் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் போட்ட பிறகு, அது கண்ணாடி மாதிரி நொறுங்காமல் இருக்க மறுபடி 200 டிகிரி அளவுக்கு இளஞ்சூடு காட்டுவார். அங்கேதான் பதம் நிற்கிறது. வேகமாகச் சுழலும் மோட்டார் கல்லில் வாயின் மெல்லிய ஓரம் கண் இமைக்கும் நேரத்தில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். இரும்பு முதலில் வைக்கோல் நிறமாகும், 300 டிகிரி வாக்கில் நீலமாகும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று என்று அர்த்தம். அங்கே எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். எங்கள் ஊர் ஆசாரி அப்பாவுக்கு அடித்துக் கொடுத்த கத்தி ஒன்று இருந்தது. இருபது வயதில் அவசரத்துக்கு அதை மோட்டார் கல் வைத்திருந்த பட்டறை ஒன்றில் கொடுத்தேன். வாய் நெடுக நீலக்கோட்டுடன் திரும்பி வந்தது. நல்ல இரும்பு வரும்வரை தேய்த்ததில் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் அகலம் போய்விட்டது. எடுத்த இரும்பு திரும்பி வராது. இன்றுவரை கத்தியைக் கல்லில் வைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

அதற்காகச் சாணைக்காரரை விட்டுவிட வேண்டாம். காலால் மிதித்துச் சுற்றும் சக்கரம் மெதுவாகத்தான் ஓடும். பலருக்கு அருமையான கைப்பதம் உண்டு. "அண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டு லேசா பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே செய்து தருவார்கள்.

வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொள்ள ஆசை. எந்தக் கல் வாங்குவது? எந்தச் சாய்வில் பிடிப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒரே ஒரு கல் வாங்குவதாக இருந்தால் 1000 எண் நீர்க்கல், அதாவது தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல். எண் ஏற ஏறத் துகள் நுணுகும். 400 எண் கல் வாய் உடைந்த கத்திக்கு. 3000க்கு மேற்பட்டவை மெருகுக்கு. வீட்டுச் சமையலுக்கு 1000 எண் கல்லில் முடித்துத் தோலில் தடவினாலே போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு முகக் கார்போரண்டம் கல் விலை குறைவு. ஆனால் அதன் மென்மையான முகமே இதைவிடக் கரடு. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது சரி.

சாய்வுக்கு அளவுகோல் தேடி அலைய வேண்டாம், முதுகின் உயரத்தைப் பாருங்கள். கத்தி அலகு 4 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேலாகத் தூக்கினால் 15 டிகிரி. கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திகளுக்கு 20தான் நல்லது. மெல்லிய, கடினமான ஜப்பானியக் கத்திகளுக்கு 15. ஆரம்பத்தில் அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் மணிக்கட்டே சொல்லிவிடும்.

தீட்டுவதற்கு முன் மார்க்கர் பேனாவால் வாய் ஓரத்தைக் கறுப்பாக்குங்கள். இரண்டு முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். மை வாயின் நுனியில் அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு தட்டும்வரை அந்தப் பக்கத்தை விடாதீர்கள். முதல் தடவை தீட்டுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பிசிறு வருமுன்னே பக்கம் மாற்றிவிடுகிறார்கள், வாய் நுனிவரை கல் போய்ச் சேர்வதே இல்லை. பிசிறு வந்தபின் அந்தப் பக்கத்தில் ஓர் இழுப்புக்கூட வேண்டாம். அதற்கு மேல் போவதெல்லாம் வீணாகப் போகும் இரும்பு.

கல்லும் நடுவில் குழியும். குழிந்த கல்லில் கத்தியின் வாய் வளைந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, அதில் கல்லைத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் சாணைத் துகளாகப் பயன்படும் கொரண்டத்தின் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வார்த்ததுதான் பழைய சாணைச் சக்கரம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் இந்தக் கல் பாறையிலேயே கிடக்கிறது.

செட்டாக வாங்கிய கத்தியோடு வந்த இரும்புத் தடி எதற்கு? (வாசகர், மதுரை)

மடங்கிய வாயை நிமிர்த்த. தீட்ட அல்ல. சமைக்கும் முன் பக்கத்துக்கு மூன்று இழுப்பு, லேசாக. வாரத்துக்கு ஒரு முறை கல்லைத் தேடுவது இதனாலேயே இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாகக் குறையும். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60ஐத் தாண்டிய கத்திகளுக்கு மட்டும் இது ஆகாது. அவற்றின் வாய் மடங்காது, சில்லு சில்லாகத் தெறிக்கும்.

பாட்டியின் அரிவாள்மணை பரணில் கிடந்து துருப்பிடித்துவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை. (வாசகி, திருநெல்வேலி)

தயவுசெய்து போடாதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகவே நான் உட்கார்ந்து எழுதலாம். பழைய அரிவாள்மணைகளில் பல, உள்ளூர்ப் பட்டறையில் அடித்த நல்ல கரி எஃகு. அந்தப் பதம் இன்றைக்குக் கடையில் விற்கும் தகட்டு மணைகளில் கிடையாது.

முதலில் துரு எந்த வகை என்று பாருங்கள். மேலாகப் பொடியாக உதிரும் சிவப்புத் துரு என்றால் கவலை இல்லை. தையல் மெஷின் எண்ணெயை நன்றாகப் பூசி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தேங்காய் நாரால் தேயுங்கள், மிச்சம் இருந்தால் நுண்ணிய உப்புத்தாள். புளியிலோ வினிகரிலோ ஊறப்போடச் சொல்வார்கள். அமிலம் துருவைத் தின்னும், கூடவே நல்ல இரும்பையும் தின்னும். கெட்டித் துருவுக்கு மட்டும் அரை மணி நேரம் வினிகர் துணியைச் சுற்றி வையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி உடனே துடையுங்கள்.

துரு போனபின் அடியில் சாம்பல் கலந்த கறுப்பு நிறம் இருக்கும். அதைச் சுரண்டி வெள்ளியாக்க முயலாதீர்கள். பல வருஷம் காய் நறுக்கியதில் படிந்த அந்தப் படலம் புதிய துருவைத் தடுத்து நிற்கும்.

தீட்டும்போது அரிவாள் அசையாது, கல்தான் போக வேண்டும். மணையைச் சுவரோடு அணைத்து வைத்து, காலால் அழுத்திக்கொண்டு, சின்னக் கல்லை ஈரமாக்கி அடியிலிருந்து நுனிக்கு வளைவோடு வளைவாகத் தடவுங்கள். விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே வரக் கூடாது. மணையில் அரிவாள் ஆடினால் பழகிய தச்சரிடம் சொல்லி மெல்லிய மர ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள். ஆடுகிற அரிவாள்மணையில் மட்டும் உட்காராதீர்கள்.

பட்டறைக் கத்தியில் வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கினால் காயும் கத்தியும் கறுத்துவிடுகின்றன. விஷமா? (வாசகி, திருச்சி)

இல்லை. காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வேதியியல்தான். வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுங்கள், கத்தியை வேலை நடுவிலேயே அடிக்கடி துடையுங்கள். கறுப்பு பிடிக்கவே பிடிக்காது என்றால் துவர்ப்புக் காய்களுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் துருப் பிடிக்கவே பிடிக்காதது அல்ல. உப்பும் புளியும் பட்டபடி சிங்க்கில் ராத்திரி கிடந்தால் அதிலும் புள்ளி விழும்.

ஆன்லைனில் 'டமாஸ்கஸ் கத்தி' குறைந்த விலைக்கு வருகிறது. அலை அலையான கோடுகள் அழகாக இருக்கின்றன. அசலா? (வாசகர், சென்னை)

முதுகைப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பற்றவைத்து அடித்த கத்தியென்றால் கோடுகள் முதுகிலும் தொடரும். பக்கவாட்டில் மட்டும் அலை இருந்து முதுகு மொழுமொழுவென்று இருந்தால், பெரும்பாலும் லேசரில் வரைந்ததாக இருக்கும். பல நல்ல கத்திகளில் வாய் ஓரம் மட்டும் கோடு இல்லாமல் இருக்கும். நடுவில் வைத்த கடின எஃகு அங்கே வெளியே தெரிகிறது, அது குறை இல்லை. வாங்கும்போது நடு எஃகின் பெயரைக் கேளுங்கள். வெட்டுவது அதுதான், கோடுகள் அல்ல. பெயர் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

இன்று 'டமாஸ்கஸ்' என்று விற்கும் இந்த அடுக்கு எஃகும், பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகும் ஒன்றல்ல. பழைய வாள்களுக்கான எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டியாகப் போனது. மூசை என்ற மண் குடுவையில் இரும்பையும் கரியையும் அடைத்து உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்தது. அதில் கரி சுமார் ஒன்றரை சதவீதம். மேலே தெரியும் அலைகள் எஃகுக்குள்ளேயே வரிசை கட்டிய கார்பைடுகள், அதாவது இரும்பும் கரியும் சேர்ந்த கடினத் துகள்கள். ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். 'உக்கு', 'உருக்கு' என்ற நம் பக்கத்துச் சொல் திரிந்து அப்படி ஆனது என்பார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு, எஃகு உலைகள் அகழாய்வில் கிடைத்தன. மின்சாரத்துக்காக நாம் அறிந்த மைக்கேல் ஃபாரடே, 1819இல் இந்த எஃகை ஆராய்ந்து கட்டுரையே வெளியிட்டார்.

பழைய பாக்குவெட்டிகளும் மடக்குக் கத்திகளும் சேர்க்கிறேன். எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், காரைக்குடி)

நல்ல ஊரில் இருந்துகொண்டு நல்ல பொருளைச் சேர்க்கிறீர்கள். கிளி, குதிரை உருவப் பாக்குவெட்டிகளோடு மடக்கெழுத்தாணி கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வார்ந்து நறுக்கும் சின்னக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும்.

பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கும் வழக்கத்தை மட்டும் இங்கே காட்ட வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கிளியின் இறகுக் கோடு கொஞ்சம் கரையும். உலர்ந்த மென்துணி போதும். இரும்புப் பாகத்தில் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய பூச்சாக, வருஷத்துக்கு மூன்று நான்கு முறை. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து ஒட்டும், தினம் புழங்கும் கத்திக்குத்தான் அது சரி. தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் பித்தளை பச்சை பூக்கும், இரும்பில் குழி விழும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மரப்பெட்டியில் வையுங்கள்.

தந்தப் பிடி என்று யாராவது கொண்டுவந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே தடை. நூறாண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் முடியாது.

வீட்டில் பெரிய கத்தி வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா? (வாசகர், வேலூர்)

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. சமையல் கத்தியும் அரிவாளும் அதில் வந்துவிடும். வாள், குத்துவாள் சேர்ப்பவர்கள் வாங்கும் முன் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் எந்தக் கத்தியும் கைப்பையில் வேண்டாம்.

எந்தப் பலகையில் நறுக்குவது? (வாசகி, புதுச்சேரி)

மரம். கறிக்கடைக்காரர் புளியமரக் கட்டையைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு மூன்றும் ஒரே நாளில் கூரைக் கெடுக்கும்.

என் மகளுக்கு 9 வயது. காய் நறுக்க ஆசைப்படுகிறாள். மழுங்கிய கத்தி கொடுக்கலாமா? (வாசகர், சேலம்)

மழுங்கியது வேண்டாம். வெட்டாத கத்தியை அழுத்துவாள், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். சின்னதாக, பிடி கையில் அடங்குவதாக, கூரான கத்தியாகக் கொடுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்து நகராமல் செய்யுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கணு மட்டும் கத்திக்கு நேராக இருக்கச் சொல்லிக் கொடுங்கள். முதல் வாரம் வாழைப்பழம், அடுத்த வாரம் நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் கத்தியால் உங்கள் பங்கை நறுக்குங்கள். பூசணியையும் சேனையையும் இன்னும் சில வருஷத்துக்கு நீங்களே வெட்டுங்கள்.