வலிப்புக் குளிசை மூளையை என்ன செய்கிறது என்று ஸ்கானில் பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்கு 2009இல் தலையில் செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) பட்டதிலிருந்து வலிப்பு. பெனிற்றோயின் என்ற வலிப்புக் குளிசை எடுக்கிறார். வலிப்பு குறைந்துவிட்டது, ஆனால் யோசனை மந்தம், நடையில் தள்ளாட்டம். மருந்தின் பாதிப்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று அவருடைய அக்கா கேட்கிறார்.

முதலில் அந்தப் பீஸ். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். செல் பீஸ் பெரும்பாலும் இரும்பு. அது மூளைக்குள், கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் அசையலாம், சூடேறலாம். காயம் எப்போதோ ஆறிவிட்டதே என்று, உடலில் உலோகம் உண்டா எனக் கேட்கும் ஸ்கான் படிவத்தில் 'இல்லை' எனக் குறிக்க வேண்டாம். பழைய சி.ரி. படமோ தலை எக்ஸ்ரேயோ இருந்தால் கொண்டுபோய்க் கதிரியக்க வைத்தியரிடம் காட்டுங்கள், முடிவு அவருடையது. அனுமதி கிடைத்தாலும் பீஸைச் சுற்றிப் படம் கறுப்பாக அழிந்துபோகும். மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கறுப்பு பீஸைவிடப் பலமடங்கு பெரிதாக விழும். அதனால் தலையில் பீஸ் உள்ளவர்களை மருந்து ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. போர்க் காயத்தால் வலிப்பு வந்த எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கில் வராமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஆய்வுகளில் என்ன செய்கிறார்கள்? சுமார் 30 செக்கன் ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் சொல்லச் சொல்வார்கள், பிறகு 30 செக்கன் ஓய்வு. இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இயங்கும் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாக ஓடுவதை இயந்திரம் அளக்கும். தமிழில் இந்தச் சோதனையை அப்படியே வைக்க முடியாது: 'க' என்றால் கா, கி, கு எல்லாம் சேருமா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தலை 2, 3 மில்லிமீற்றர் அசைந்தாலே அந்தப் பதிவு கெட்டுவிடும்.

ரொபிரமேற் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுப்பவர்களில், இப்படி ஒரு வேலை செய்யும்போது அடங்க வேண்டிய மூளைப் பகுதிகள் சரியாக அடங்குவதில்லை என்று இப்படித்தான் கண்டார்கள். அந்த மருந்தில் சொல் வாயில் வராமல் தடுமாறுவதற்கு இது ஒரு விளக்கம். மூளையின் குளுக்கோஸ் செலவை அளக்கும் பெற் ஸ்கானில், பீனோபார்பிற்றோன் என்ற பழைய வலிப்பு மருந்து அதைச் சுமார் 37 வீதம் குறைப்பதாகவும், பெனிற்றோயின் சுமார் 13 வீதமே குறைப்பதாகவும் 1980களிலேயே அளந்தார்கள். ஆனால் இவையெல்லாம் பலரின் சராசரி. ஒரு ஆளின் படத்தைப் பார்த்து 'இது குளிசையால்' என்று சொல்ல இவை உதவா.

தனி ஆளில் கண்ணுக்குத் தெரிவன சில உண்டு. நீண்டகாலம் பெனிற்றோயின் எடுத்தவர்களில், நடையின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை சுருங்கியிருக்கலாம், அது சி.ரி.யிலும் தெரியும். ஆனாலும் அது மருந்தாலா, பல வருட வலிப்பாலா என்று படம் பிரித்துச் சொல்லாது. வல்புரோயேற் என்ற வலிப்பு மருந்தால் சிலருக்கு மூளை சுருங்கியதுபோலத் தெரிந்து, மருந்தை நிறுத்தியபின் திரும்பியிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு ஸ்கானைவிட முதலில் தேவை இரத்தத்தில் பெனிற்றோயின் அளவு. லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வழமையான எல்லை. 20ஐத் தாண்டினால் கண்மணி தானாக ஆடும், 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். இந்த மருந்தின் குணம் பொல்லாதது: ஓரளவுக்கு மேல் ஈரல் அதைக் கழிக்கத் திணறும். நாளுக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் இரத்த அளவு இரட்டிப்பாகவும் கூடும். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்தாலும் ஏறும். சாப்பாடு குறைந்து, மருந்தைப் பிடித்துவைக்கும் இரத்தப் புரதமான அல்புமின் இறங்கியவருக்கு மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே வேலைசெய்யும் மருந்து கூடியிருக்கலாம். ஆகவே அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு கூடியிருந்தால் டோஸைக் குறைத்ததும் பலருக்கு நடை தேறும். அளவு சரியாக இருந்தும் தள்ளாட்டம் தொடர்ந்தால், சி.ரி.யில் சிறுமூளையைப் பார்க்கவும், லாமோற்றிஜின் அல்லது லெவெற்றிரசெற்றாம் போன்ற வேறு வலிப்பு மருந்துக்கு மெல்ல மாற்றலாமா என்றும் கிளினிக்கில் கேளுங்கள். மந்தத்துக்குக் காயமே காரணமாகவும் இருக்கலாம் என்பதால் எந்த வருடத்திலிருந்து, எந்த டோஸிலிருந்து தொடங்கியது என்று கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஸ்கான் நாளில் விடிய முதல் பஸ் ஏறினாலும் குளிசையைப் போட்டுவிட்டே ஏறட்டும். மருந்தளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில் மட்டும், காலைக் குளிசையைக் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த உடனே போடட்டும்.