எஸ்பி ஃப்ளாஷ் டூலில் எதை டிக் போடுவது, எதைத் தொடாமல் விடுவது? – கேள்வி பதில்

மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு ரோம் (போனின் சிஸ்டம் மென்பொருள் தொகுப்பு) ஏற்ற உதவும் எஸ்பி ஃப்ளாஷ் டூல் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மெனுவைத் திறந்தாலே சிப், ஸ்டோரேஜ், பேட்டரி, கனெக்ஷன் என்று வரிசையாக ஆப்ஷன்கள் வந்து நிற்கின்றன, எதை வைப்பது என்பதுதான் பலரின் குழப்பம். என் பதில் எல்லாக் கேள்விக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: போர்டில் என்ன சிப், என்ன மெமரி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த ஆப்ஷனையும் மாற்றக் கூடாது.

கேள்வி: அண்ணா, என் போன் ஹீலியோ ஜி85. ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் சிப் எண் 6769 என்று காட்டுகிறது. ஆனால் கம்பெனி ரோமில் உள்ள ஸ்கேட்டர் ஃபைல் பெயரில் 6768 என்று இருக்கிறது. தப்பான ரோமை இறக்கிவிட்டேனா?

இல்லை தம்பி, சரியானதுதான். ஜி80, ஜி85 எல்லாம் 6768 குடும்பத்துப் பிள்ளைகள். விற்பனைக்கு வரும்போது 6769 என்று எண் போட்டார்கள், ஸ்கேட்டரில் பழைய குடும்ப எண்ணே நிற்கிறது. ஹீலியோ பி35, ஜி35 இரண்டுக்கும் 6765 ஸ்கேட்டர் வருவதும் இப்படித்தான்.

ஸ்கேட்டர் ஃபைல் என்பது எந்த ஃபைல் போனில் எங்கே போக வேண்டும் என்று டூலுக்குச் சொல்லும் வரைபடம். அதை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான். மேலே பிளாட்ஃபார்ம், ப்ராஜெக்ட், ஸ்டோரேஜ் என்று மூன்று விவரம் இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (ஸ்டோரேஜைப் பிரித்து வைத்த பகுதி) ஒரு பத்தி: பெயர், எந்த ஃபைல், டவுன்லோடு செய்ய வேண்டுமா, எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம். டூலில் நீங்கள் பார்க்கும் டிக் பெட்டிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 6765 போனில் 6768 ஸ்கேட்டரைக் கொடுத்தால் சிப் பொருந்தவில்லை என்று டூலே நிறுத்திவிடும். ஆனால் அதே 6765 சிப் உள்ள வேறொரு மாடலின் ரோமைக் கொடுத்தால் டூல் வாயே திறக்காது. பச்சை டிக் வரும், போன் ஆன் ஆகும்போது டிஸ்ப்ளே கறுப்பாக நிற்கும் அல்லது டச் வேலை செய்யாது. அதனால் சிப் எண்ணோடு நிற்காமல், பின்பக்கம் அச்சிட்ட மாடல் எண்ணையும், ஸ்கேட்டரில் உள்ள ப்ராஜெக்ட் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ரோம் ஃபோல்டரில் ஸ்கேட்டர் டெக்ஸ்ட் ஃபைலே டூலில் ஏறவில்லை. எக்ஸ்எம்எல் கேட்கிறது.

நீங்கள் வைத்திருப்பது டூலின் 6ஆம் பதிப்பு. அதற்கு ஃப்ளாஷ் எக்ஸ்எம்எல் வேண்டும். ரோமில் வெறும் டெக்ஸ்ட் ஸ்கேட்டர் மட்டும் இருந்தால் 5ஆம் பதிப்புக்குப் போங்கள்.

கேள்வி: பிரீலோடரை டிக் போடலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

போன் லோகோ வரைக்கும் வருகிறதா? அப்படியென்றால் போனை எழுப்பும் தொடக்க நிரலான பிரீலோடர் நன்றாக இருக்கிறது. டிக்கை எடுத்துவிடுங்கள். போன் முழு டெட், சார்ஜ் போட்டாலும் அசைவே இல்லை என்றால் மட்டும், அதே மாடலின் கம்பெனி ரோமில் உள்ள பிரீலோடரைப் போடுங்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் இருக்கிறது. சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாத பூட் ரோம் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. பவர் வந்ததும் அது பிரீலோடரைத் தேடி எடுத்து ஓட்டும். ரேமை எழுப்புவது பிரீலோடரின் வேலை. எந்த ரேம் ஐசிக்கு என்ன டைமிங் என்ற பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது. வேறு மாடலின் பிரீலோடரை எழுதினால் அந்தப் பட்டியலில் உங்கள் ஐசி இருக்காது. ரேம் எழும்பாது, போனும் எழும்பாது. ரோமில் வரும் மற்ற எந்தப் பார்ட்டிஷன் தவறினாலும் திரும்ப எழுத எளிதாக வழி உண்டு. இது போனால் போனைத் திறந்து போர்டில் உள்ள டெஸ்ட் பாயிண்டை ஷார்ட் செய்வது வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: சார், சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு செட்டில் மெமரி ஐசி போய்விட்டது. 32 ஜிபியை எடுத்துவிட்டு 64 ஜிபி ஐசி வைத்தேன். ஃப்ளாஷ் போட்டால் 4032 எரர். கேபிள், யூஎஸ்பி போர்ட் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

கேபிளை விட்டுவிடுங்கள். 4032 என்பது டூல் ரேமை எழுப்ப முடியாமல் நின்றதைச் சொல்கிறது. நீங்கள் மாற்றிய ஐசியில் ஸ்டோரேஜும் ரேமும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஸ்டோரேஜ் அளவு மட்டும் மாறியதாக நினைக்கிறீர்கள், ரேமும் சேர்ந்து மாறிவிட்டது.

என்ன நடக்கிறது என்றால், டூல் முதலில் டவுன்லோடு ஏஜென்ட் என்ற நிரலின் முதல் பாதியைச் சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தில் இறக்கும். அந்தப் பாதி ரேமை எழுப்ப வேண்டும். அப்புறம்தான் இரண்டாம் பாதி ரேமில் ஏறி வேலையைத் தொடங்கும். பூட் ரோம் வழியாக இணைக்கும்போது ரேம் டைமிங்கை டூல் எங்கிருந்து எடுக்கும்? நீங்கள் லோடு செய்த பிரீலோடர் ஃபைலிலிருந்து. புது ஐசியின் அடையாளம் அதில் இல்லை என்றால் அங்கேயே 4032.

அதனால் அதே மாடலுக்கு 64 ஜிபி வேரியண்ட் விற்பனைக்கு வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த ரோமின் பிரீலோடரில் உங்கள் ஐசி இருக்க வாய்ப்பு அதிகம். வரவில்லை என்றால், அந்த மாடலில் கம்பெனி பயன்படுத்திய ஐசி எண்களில் ஒன்றையே தேடி வாங்கி வையுங்கள். அடுத்த முறை பழைய ஐசியின் மேல் அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்துவிட்டு ஹாட் ஏர் கன்னைக் கையில் எடுங்கள்.

ஐசி மாற்றாத செட்டில் 4032 வந்தால் வேறு கதை. பேட்டரி பலவீனம், தவறான பிரீலோடர் ஃபைல், அல்லது ரேம் ஐசியின் சால்டர் விட்டிருப்பது. கீழே விழுந்த செட் என்றால் கடைசியில் சொன்னதை முதலில் சந்தேகப்படுங்கள். பிரீலோடர் உயிரோடு இருந்தால், பட்டனை அழுத்தாமல் ஆஃப் செய்த போனில் கேபிளைச் செருகி பிரீலோடர் வழியாகவே இணைத்துப் பாருங்கள். அந்த வழியில் ரேம் ஏற்கெனவே எழும்பியிருக்கும்.

கேள்வி: டவுன்லோடு ஒன்லி, ஃபர்ம்வேர் அப்கிரேடு, ஃபார்மேட் ஆல். எதை வைப்பது?

டவுன்லோடு ஒன்லி. டிக் போட்டதை மட்டும் எழுதும், மற்றதைத் தொடாது. பார்ட்டிஷன் அமைப்பு மாறியிருக்கிறது என்று டூல் மறுத்தால் மட்டும் ஃபர்ம்வேர் அப்கிரேடு. ஃபார்மேட் ஆல் பக்கமே போகாதீர்கள். அடுத்த கேள்வியைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

கேள்வி: ஃபார்மேட் ஆல் கொடுத்துவிட்டேன். போன் ஆன் ஆகிறது, ஆனால் சிம் எடுக்கவில்லை. ஸ்டார் ஹேஷ் போட்டால் ஐஎம்இஐ வெறுமையாக இருக்கிறது.

என்விராம், என்விடேட்டா, புரொடெக்ட் 1, புரொடெக்ட் 2 என்று சில பார்ட்டிஷன்கள் உண்டு. ஐஎம்இஐ, வைஃபை முகவரி, ரேடியோவின் அளவீடு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. தொழிற்சாலையில் அந்த ஒரு போனுக்கென்று எழுதியவை. எந்த ரோமிலும் அவை வராது. ஃபார்மேட் ஆல் அவற்றையும் துடைத்துவிடுகிறது.

பேக்கப் இருந்தால் அதை எழுதினால் போதும். இல்லை என்றால் போனின் பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். யாராவது வேறு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐயைத் திருத்துவது 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற அளவுக்குப் பெரிய குற்றம்.

இன்னும் ஃப்ளாஷ் போடாதவர்களுக்கு: ரீட்பேக் டேபில் போய், ஸ்கேட்டரில் அந்தப் பார்ட்டிஷன்களுக்கு எதிரே உள்ள தொடக்க முகவரியையும் நீளத்தையும் அப்படியே கொடுத்து, முதலில் படித்து எடுத்து வையுங்கள். எழுதுவதற்கு முன் படிப்பது. கடைக்கு வரும் ஒவ்வொரு செட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளரின் போன் அது.

கேள்வி: கனெக்ஷனில் யூஆர்ட், யூஎஸ்பி என்று இருக்கிறது. யூஎஸ்பியிலும் ஃபுல் ஸ்பீடு, ஹை ஸ்பீடு. ஃபுல்தானே வேகம்?

பெயர் ஏமாற்றும். யூஎஸ்பியில் ஃபுல் ஸ்பீடு விநாடிக்கு 12 மெகாபிட், ஹை ஸ்பீடு 480 மெகாபிட். ஹை ஸ்பீடில் வையுங்கள். 4 ஜிபி சூப்பர் இமேஜை (ரோமில் உள்ள பெரிய சிஸ்டம் ஃபைல்) ஃபுல் ஸ்பீடில் அனுப்பினால் கணக்குப்படியே முக்கால் மணி நேரம். பழைய சீரியல் இணைப்பான யூஆர்ட்டில் விநாடிக்கு 921600 பிட் வேகம் வைத்தாலும் 12 மணி நேரம் ஆகும், அதற்குப் போர்டில் ஒயர் வேறு சால்டர் செய்ய வேண்டும். ஹை ஸ்பீடில் அடிக்கடி அறுந்தால் மட்டும், முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டில் சின்ன கேபிளாகப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி ஆப்ஷன்?

ஆட்டோ டிடெக்ட். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

கேள்வி: செக்சம் டிக் போட்டால் நேரம் ஆகிறது. தேவையா?

இரண்டு செக்சம் உண்டு. யூஎஸ்பி செக்சம், கேபிளில் வரும் வழியில் டேட்டா கெட்டதா என்று பார்க்கும். ஸ்டோரேஜ் செக்சம், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நல்ல செட்டுக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் ஃப்ளாஷ் முடிந்து பச்சை டிக் வந்த பிறகும் லோகோவிலேயே நிற்கிறது, மறுபடி போட்டாலும் அதே கதை என்றால் ஸ்டோரேஜ் செக்சத்தைப் போடுங்கள். அதில் எரர் வந்தால் ரோமைக் குறை சொல்லாதீர்கள், மெமரி ஐசி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அண்ணே, கேபிள் செருகினால் டிவைஸ் மேனேஜரில் போர்ட் வந்து இரண்டு விநாடியில் போய்விடுகிறது.

வருவது எந்தப் பெயரில் என்று பாருங்கள். பிரீலோடர் விகாம் என்று வந்தால் பிரீலோடர் டூலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு சார்ஜிங்குக்குப் போகிறது. டூலில் டவுன்லோடு பட்டனை முதலில் அழுத்திவிட்டு, அப்புறம் கேபிளைச் செருகுங்கள். பூட் ரோமில் நிறுத்த வேண்டும் என்றால் பெரும்பாலான மாடல்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் பிடித்தபடி செருகினால் மீடியாடெக் யூஎஸ்பி போர்ட் என்று வரும்.

கேள்வி: குவால்காம் போன். க்யூஃபில் டூலில் இஎம்எம்சி, யூஎஃப்எஸ் என்று கேட்கிறது. தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும்?

இவை இரண்டும் ஸ்டோரேஜ் சிப்பின் வகைகள். தவறாகத் தேர்ந்தால் பெரும்பாலும் எழுதத் தொடங்கும் முன்பே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். ரோம் ஃபோல்டரே பதில் சொல்லும். போனுக்குள் ஏறி எழுதும் வேலையைச் செய்யும் ஃபயர்ஹோஸ் ஃபைலின் பெயரில் இஎம்எம்சி அல்லது யூஎஃப்எஸ் என்று வழக்கமாக இருக்கும். இல்லை என்றால், எதை எங்கே எழுதுவது என்று சொல்லும் ராப்ரோகிராம் எக்ஸ்எம்எல்லைத் திறந்து செக்டர் அளவைப் பாருங்கள். 512 என்றால் இஎம்எம்சி, 4096 என்றால் யூஎஃப்எஸ். யூஎஃப்எஸ் ஸ்டோரேஜ் பல துண்டுகளாகப் பிரிந்திருப்பதால் ராப்ரோகிராம் ஃபைலும் 0, 1, 2 என்று பல இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள், அவற்றுக்கான பேட்ச் ஃபைல்களையும் மறக்காதீர்கள்.