மேசையில் ஆடிய ஆட்டம் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற கட்டுரையில் ஆஸி நியூசம் என்ற அமெரிக்கரைப் பற்றி ஒரே வரியில், “களத்தில் சாதித்ததைவிட அலுவலகத்தில் சாதித்தது அதிகம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அணிக்கு ஆள் எடுப்பது அவ்வளவு பெரிய வேலையா? பணம் இருந்தால் யாரும் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிவிடலாமே? எனக்கு அமெரிக்கக் கால்பந்து சுத்தமாகத் தெரியாது. கொஞ்சம் விரித்து எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணத்தை வைத்துக்கொண்டு அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என்.எஃப்.எல். என்ற அவர்களுடைய தொழில்முறை லீகில் 1994-ல் எல்லா அணிகளுக்கும் சம்பளச் செலவுக்கு ஒரே உச்சவரம்பு வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை ‘டிராஃப்ட்’ என்ற முறையில், வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஆக, யாரை எடுப்பது என்ற தீர்மானம்தான் அணிகளைப் பிரிக்கிறது. அதை எடுப்பவர் ஜெனரல் மேனேஜர்.

நியூசம் அலபாமாக்காரர். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 1978 முதல் 1990 வரை 13 வருடம் ஆடி, 662 பந்துகளைப் பிடித்தவர். அந்த ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஓய்வு பெற்றதும் அதே அணியில் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் வேலைக்குச் சேர்ந்தார். 1995 நவம்பரில் உரிமையாளர் ஆர்ட் மொடெல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். கிளீவ்லாண்ட் கொதித்தது. நியூசமும் அணியோடு கிளம்பினார். பால்டிமோரில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1996 ஏப்ரலில் டிராஃப்ட். ‘ரேவன்ஸ்’ என்று பெயர் வைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான்காவது வாய்ப்பு அவர்களுடையது. மொடெலுக்கு லாரன்ஸ் பிலிப்ஸ் மேல் கண். பந்தை வாங்கிக்கொண்டு பாய்ந்து ஓடும் ஆட்டக்காரர், அணிக்கு அப்போது அப்படி ஒருவர் தேவையும் கூட. ஆனால் முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கு பிலிப்ஸின் பின்னால் இருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து நியூசமின் ஆட்கள் தயாரித்த பட்டியலில் அவருக்கு மேலே இருந்த பெயர் ஜோனதன் ஆக்டன். அவர் ஆடுவது லெஃப்ட் டேக்கிள், பாய்ந்து வரும் எதிரணியினரைத் தடுத்து நிறுத்தும் இடம். அந்த இடத்தில் அணியில் ஏற்கெனவே நல்ல ஆள் உண்டு. முதலாளி ஒருவரைக் கேட்கிறார், பட்டியல் வேறொருவரைச் சொல்கிறது. நியூசம் ஆக்டனை எடுத்தார். முதல் வருடம் ஆக்டனுக்குப் பக்கத்து இடத்தில்தான் ஆட வாய்ப்பு கிடைத்தது. அதே நாளில் 26-ஆவதாக ரே லூயிஸ் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார்.

இங்கே ஒரு இடைச்செருகல். அந்த 26-ஆவது வாய்ப்பு, கிளீவ்லாண்டில் இருந்தபோது 1995-ல் வேறொரு அணியோடு செய்த பேரத்தில் வந்தது. அதற்கான புகழ் முழுவதும் நியூசமுக்கு இல்லை.

சரி, என்ன ஆனது? பிலிப்ஸை வேறு அணி எடுத்து, அடுத்த வருடமே கழற்றிவிட்டது. லூயிஸை நடுவில் நிறுத்திய தடுப்பாட்டம் 2000-ஆம் ஆண்டின் 16 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு 165 புள்ளிகள்தான் விட்டது. 2001 ஜனவரியில் சூப்பர் பௌலை, அதாவது லீகின் இறுதி ஆட்டத்தை, 34-7 என்று வென்றார்கள். இத்தனைக்கும் பிறகுதான், 2002-ல் நியூசமுக்கு ஜெனரல் மேனேஜர் என்ற பதவிப்பெயர் கிடைத்தது. அந்த லீகில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருக்கும் ஒரு லீகில், ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தவருக்குப் பெயர் இவ்வளவு தாமதமாக வந்தது.

அவர் சறுக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2003-ல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், சரியாக அமையாத தவிப்பில், அடுத்த வருடத்து முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து கைல் போலரை எடுத்தார். கடைசிவரை தேறவில்லை. தேவை துரத்தும்போது அவரும் தடுமாறியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் பொறுப்பில் நடந்த கடைசி டிராஃப்ட் 2018. லமார் ஜாக்சன் குவார்ட்டர்பேக்காக ஆக மாட்டார், வேறு இடத்தில் ஆடட்டும் என்று பெரிய நிபுணர்களே பேசிக்கொண்டிருந்த நேரம். நியூசமும் 25-ஆவது வாய்ப்பில் அவரைத் தாண்டி வேறொருவரைத்தான் எடுத்தார். அப்புறம் இன்னொரு அணியோடு பேரம் பேசி, முதல் சுற்றின் கடைசி வாய்ப்பான 32-ஐ வாங்கி ஜாக்சனை எடுத்தார். அடுத்த வருடமே ஜாக்சன் ஒருமனதாக லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அப்போது நியூசமின் நாற்காலியில் எரிக் டிகோஸ்டா இருந்தார், 1996-ல் அணியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தவர்.

களமா, அலுவலகமா என்று எடைபோட்டால் என் கணக்கு இப்போதும் அதுதான். ஆனால் கேன்டன் நகரத்தில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் 1999-லேயே நியூசமுக்கு வைத்த சிலை, கிளீவ்லாண்டில் பந்து பிடித்ததற்காக. 2013-ல் ஆக்டன் அங்கே சேர்க்கப்பட்டபோது, தன்னை அறிமுகம் செய்ய அவர் அழைத்தது நியூசமைத்தான்.