வேத தியானக் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

கேள்வி: தினமும் அதிகாலையில் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனால், வாசித்தது மதியத்துக்குள் மறந்துவிடுகிறது. குறிப்பேடு ஒன்று எழுதும்படி எங்கள் சபைப் போதகர் சொல்கிறார். அதில் எதை எழுதுவது? — வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தேதி, வாசித்த பகுதி, உங்களை நிறுத்திய ஒரு வசனம், அதைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் இரண்டு மூன்று வரிகள் போதும். உதாரணமாக, மாற்கு 1:35-ல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார். அதற்குச் சற்று முந்திய வசனங்களையும் சேர்த்து வாசித்தால், முந்தின நாள் மாலை பட்டணத்தார் எல்லாரும் வாசலுக்கு முன்பாகக் கூடியிருந்ததும், அவர் அநேகரைச் சொஸ்தமாக்கியதும் தெரியவரும். ‘அத்தனை வேலைக்குப் பிறகும் விடியுமுன் ஜெபம், என் அசதியை நான் எங்கே கொண்டுபோகிறேன்?’ என்று எழுதினால், அந்தக் கேள்வி அன்று முழுவதும் உங்களுடன் வரும்.

ஜெபத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, விண்ணப்பத்தின் எதிரே பதிலுக்கு இடம் விடுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-ல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தம் விண்ணப்பங்களையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் பதிவு செய்துவந்தார். பதில் வராத நாள்களின் வேதனையையும் மறைக்காமல் எழுதுங்கள்; ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்றுதானே 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது! சில நாள்கள் விட்டுப்போனால், விட்டதை ஈடுகட்ட முயலாமல் அன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். பிறர் நம்பிச் சொன்ன காரியங்களுக்கு மட்டும் பெயரின் முதலெழுத்தை எழுதினால் போதும். வீட்டில் யார் கையிலும் அந்த நோட்டு அகப்படலாம்.