வயிற்றுப்புண்ணுக்கு மிளகாய்தான் காரணமா?

கேள்வி: காரம் குறைந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கணவருக்கு வயிற்றுப்புண் என்று தெரிந்ததும், மிளகாயால் வந்த வினை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். காரம் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று செய்தியில் வந்ததாக மாமியார் சொல்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி ஒருவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உறவினர்கள் சொல்வது நெடுங்காலம் மருத்துவர்களிடையேயும் நிலவிய எண்ணம்தான். ஆனால் ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் உள்ள தொடர்பை நிறுவி, அதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு இந்தக் கிருமியோ, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து விழுங்கும் வலிமாத்திரைகளோதான் காரணம். ஆகவே உங்கள் கணவருக்குக் கிருமிப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மிளகாயை ஒதுக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் தயிர்சோற்றிலேயே காலம் தள்ளுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிருமி இருந்தால், மருந்தை எழுதித் தந்த நாள்வரை விடாமல் சாப்பிட்டாலே பெரும்பாலோருக்குப் புண் ஆறிவிடும். ஏற்கெனவே உள்ள புண்ணில் காரம் பட்டால் எரியும் என்பதால், ஆறும்வரை குறைத்துக்கொள்வது நல்லது.

மாமியார் சொன்ன செய்தியும் பொய்யன்று. சீனாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஆறேழு நாள் காரம் சாப்பிட்டவர்களிடம், வாரம் ஒருமுறைகூடச் சாப்பிடாதவர்களைவிட இறப்பு விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. இருப்பினும் அவர்களுடைய மற்றப் பழக்கங்களும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதால், மிளகாயை ஆயுள் மருந்தாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிளகாயின் பயன் உறுதியாகத் தெரிந்திருப்பது வலி நீக்கத்தில்தான். பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெளிறிய சதையில்தான் கேப்சைசின் என்ற காரப்பொருள் மிகுதியாக இருக்கிறது. சூட்டை உணரும் நரம்பு முனைகளையே அது தூண்டுவதால்தான் வாய் வெந்துபோனதைப் போல எரிகிறது. அந்த நரம்பு முனைகளில் சூட்டையும் காரத்தையும் உணரும் புரதமான ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட நரம்பு மரத்துப்போகும் என்பதால், அக்கி வந்து போன பிறகும் நீடிக்கும் நரம்புவலிக்குக் கேப்சைசின் களிம்பு தரப்படுகிறது. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பாலில் உள்ள கேசீன் புரதம் அதைப் பற்றிக்கொண்டு அகற்றுவதால், நாக்கு எரியும்போது தண்ணீரைவிடப் பாலோ மோரோதான் உதவும்.

உங்கள் சமையலில் மிளகாயைவிட நான் அஞ்சுவது, அதற்குத் துணையாக வரும் உப்பையும் எண்ணெயையும்தான். மோர்மிளகாய் உப்பில் ஊறிக் காய்ந்து பிறகு எண்ணெயில் பொரிகிறது, ஊறுகாயும் அப்படியே. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், குழம்பில் நாலு மிளகாயைக் கிள்ளிப் போடுவதைவிட, தட்டோரத்தில் தினமும் வைக்கும் ஊறுகாயே அதிகக் கெடுதல் செய்யும். மூலம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் காரமே தொல்லை தரக்கூடும்.

உங்கள் கணவருக்கு மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, உணவு மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.