ஜப்பானிய வரலாறு படித்த பேராசிரியர் காட்ஜில்லா படங்களை ஏன் ஆராய்கிறார்?

வில்லியம் சுட்சுயியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அடிப்படையில் பொருளாதார வரலாற்றாசிரியர். ஜப்பானியத் தொழில் நிர்வாகம் பற்றி எழுதியவர், 2004-இல் காட்ஜில்லாவின் ஐம்பது ஆண்டுகளைப் பற்றியும் நூல் எழுதினார்.

சரி, ராட்சதப் படத்தில் என்ன வரலாறு? நிறையவே இருக்கிறது. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சில் சிக்கினார்கள். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரிலேயே முதல் காட்ஜில்லா படம் வந்துவிட்டது. குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட விலங்கு டோக்கியோவை எரிக்கிறது. அந்த மக்களின் பயம் அரசுக் கோப்புகளில் இவ்வளவு பச்சையாகக் கிடைக்காது.

பார்ப்பதானால் ஜப்பானிய மூலப் படத்தையே பாருங்கள். 1956-இல் வந்த அமெரிக்க வடிவத்தில் குண்டு பற்றிய பேச்சு பலவும் வெட்டப்பட்டிருக்கிறது.