ஒரு திரையும் பத்துச் சனிக்கிழமைகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளி செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. தமிழாசிரியை ஒருவர் அங்கே எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆண்டுதோறும் நாடகம் போடுகிறார். சென்ற ஆண்டு விழாவில் மைக் தகராறு செய்ததால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்த உடைகளும் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து 30,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். காலர் மைக்குகளும் விளக்குகளும் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறோம். இது சரியான செலவுதானா?

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

மைக்கும் விளக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். காலர் மைக் ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே வரும்; மற்ற நாட்களெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடக்கும்; பேட்டரி கசிந்து பழுதானது அடுத்த விழாவின் காலையில்தான் தெரியவரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு இப்படியொரு செட்டை வாங்கித் தரும்படி நண்பர்களிடம் பரிந்துரைத்தவன் நான்தான் என்பதால், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்னும் சிக்கலை உங்கள் பக்கத்துக் கூத்தர்கள் மின்சாரம் வருவதற்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். தெருக்கூத்தில் வேடதாரி ஓர் அடியைப் பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டு அதையே மறுபடியும் சொல்லவைக்கிறான். முதல் முறை தவறவிட்டவருக்கு மூன்றாம் முறையாவது விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மெல்லிய குரலுள்ள பிள்ளைக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகளைப் பின்பாட்டுக்கு நிறுத்தினால் மைக்கின் வேலை நடந்துவிடும், வகுப்பில் பாதிப் பேருக்கு நாடகத்தில் இடமும் கிடைத்துவிடும். வசனம் மறந்து விழிக்கும் பிள்ளையிடம் கட்டியங்காரனாக நிற்கும் பிள்ளை “அப்புறம் என்ன ஆயிற்று, மகாராஜா?” என்று கேட்டு அடியெடுத்துக் கொடுக்கலாம். பார்ப்பவர்கள் அதையும் நாடகம் என்றே நினைத்துச் சிரிப்பார்கள்.

கூத்தின் திரையையும் பாருங்கள். இரண்டு பேர் கையில் பிடித்திருக்கும் ஒரு துணி, அவ்வளவுதான். வேடதாரி அதன் பின்னால் வந்து நின்று பாடுகிறார். முதலில் சலங்கை கேட்கிறது, கீழே பாதங்கள் தெரிகின்றன, மேலே கிரீடத்தின் நுனி அசைகிறது. முகம் கடைசியில்தான் வருகிறது. நான் பார்த்த ஒத்திகை ஒன்றில், ஆள் முன்னால் வாயே திறக்காத ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பழைய போர்வைக்குப் பின்னால் நின்றபோது தன் பாட்டு முழுவதையும் உரத்துப் பாடி முடித்தாள். போர்வையைப் பிடித்திருந்த பையன்கள் அதை இறக்க மறந்து நின்றார்கள்.

1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான நடிப்பைத் தேடிப் போய் நின்றது தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்துக்கு முன்னால்தான். அந்தப் புரிசை கிராமம் உங்கள் செய்யாற்றுக்கு அருகில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் முடிந்தபின் மழைக்காலத்தில் கூத்துக் கலைஞர்களுக்கு ஆட்டம் குறைவு. அக்டோபரிலிருந்து பத்துச் சனிக்கிழமைகளுக்குக் கலைஞர் ஒருவரை அழைத்து, நாளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் 20,000 ஆகிறது. மைக்குக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள், ஏனென்றால் அதன்மேல் உபயம் என்று பெயர் எழுதலாம். ஒரு கலைஞரின் சனிக்கிழமைமேல் எழுத முடியாது.

மீதி 10,000 ரூபாயில் ஒத்திகை நாட்களில் சுண்டலும் தேநீரும் கொடுங்கள், பெண் பிள்ளைகள் வீடு திரும்ப ஆட்டோ வையுங்கள். பேருந்தில் கட்டணம் இல்லைதான், ஆனால் பேருந்து வர வேண்டுமே! ஒத்திகை நீண்டு கடைசி வண்டி போய்விட்டால் மறுநாள் அந்தப் பிள்ளையை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பள்ளி நாடகங்களில் பாதியில் நின்றுபோகும் பாத்திரங்கள் பெரும்பாலும் இப்படி நின்றவையே. உடைக்கு வேட்டியும் பழைய புடவையும் போதும். கிரீடத்தை அட்டையில் பிள்ளைகளே வெட்டட்டும்.

2022-23 முதல் நடந்துவரும் கலைத் திருவிழா என்னும் மாணவர் கலைப் போட்டி அரசுப் பள்ளிகளுக்கு நல்ல உந்துதல் என்பதில் ஐயமில்லை. எனினும் போட்டி என்று வந்துவிட்டால் நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகளே எல்லா நாடகத்திலும் நடிக்கிறார்கள். உங்கள் பணம் மற்ற பிள்ளைகளுக்குப் போகட்டும்.

பணத்தைத் தனியாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வெளியாள் பள்ளிக்குள் வந்து கற்பிக்கத் தலைமையாசிரியரின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தமிழாசிரியையிடம் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நாடகத்துக்கு விட்டுக்கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லக்கூடும். அதற்குப் பணம் தேவையில்லை, தலைமையாசிரியரிடம் முன்னாள் மாணவர்களாக நான்கு பேர் போய்ப் பேச வேண்டும். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒருநாள் முன்னதாக, பள்ளி நடக்கும்போதே வந்துவிடுங்கள்.